இடுப்புத் தேமலைப் பத்து வருஷம் பாதுகாப்பது எப்படி?

இடுப்பிலோ தொடையிலோ, வேட்டியும் பாவாடையும் மறைக்கிற இடத்தில், வெளுத்தோ சிவந்தோ ஒரு திட்டு மாதக்கணக்கில் மறையாமல் இருக்கிறதா? கவலையை விடுங்கள். அது என்னவென்று கடைசிவரை தெரியாமல் பார்த்துக்கொள்ள விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எல்லா வசதியும் உண்டு.

முதலில் மருந்துக்கடை. "அண்ணே, படைக்கு ஒரு டியூப்" என்றால் போதும். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்பு கைக்கு வரும். தடவினால் மங்கும், நிறுத்தினால் திரும்பும். டாக்டரைப் பார்க்கப் போனாலும் முந்தின ராத்திரி வரை தடவுங்கள். சதை எடுத்துப் பார்ப்பவருக்கும் அடையாளம் குழம்பிப் போகும்.

வெளுத்த திட்டு என்றால் குஷ்டமோ என்று ஒரு பயம் வரும். "உணர்ச்சி இருக்கு, அது இல்லை" என்று சொன்னதுமே நிம்மதியாக வீடு திரும்புங்கள். மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று ஒரு தோல் லிம்போமா, அதாவது ஒரு வகைப் புற்றுநோய், உண்டு. 1806-லேயே பிரான்சில் அலிபெர் விவரித்தது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் வெளுத்த திட்டாகவும் வரும். அதையெல்லாம் கேட்டுத் தொலைக்காதீர்கள்.

மீறி யாராவது "சதை எடுக்கணும்" என்றால் பிரம்மாஸ்திரத்தை விடுங்கள்: "கத்தி பட்டா பரவிடும் சார். ஸ்கேன் எழுதுங்க, உள்ள எல்லாம் தெரிஞ்சிடும்ல?" பெட் ஸ்கேன் என்றால் இன்னும் கெத்து. பட்டினி கிடந்து, கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றிக்கொண்டால், சர்க்கரையை அள்ளித் தின்னும் செல்கள் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் ஆரம்பத் திட்டில் அந்தச் செல்கள் தோலின் மேலடுக்கோடு நின்றிருக்கும். மெஷின் கண்ணில் பெரும்பாலும் படாது. 'ஒன்றுமில்லை' என்ற ரிப்போர்ட்டோடு பெரிய கவரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பலாம். நெறி கட்டி வீங்கியபின் எங்கே பரவியிருக்கிறது, எந்தக் கட்டியில் சதை எடுப்பது என்று காட்டத்தான் அந்த மெஷின். அதுவரை பொறுத்திருக்கப் போகிறீர்கள்தானே?

ஒரு ஜாக்கிரதை. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி பஸ் ஏறினால் ஜிப்மர். மரத்துப்போக ஊசி, நாலு மில்லிமீட்டர் சதை, ஒன்றிரண்டு தையல். சிடி3, சிடி4, சிடி8 என்று சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். முதல் தடவை பிடிபடாவிட்டால் மறுபடி எடுப்பார்கள். அங்கேயாவது கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். இருந்தால் கண்டுபிடித்து, புற ஊதா ஒளியில் நிறுத்தி, திட்டை அடக்கியே விடுவார்கள். சில சமயம் ஸ்டீராய்டு களிம்பையே எழுதிக் கொடுப்பார்கள், என்ன நோய் என்று தெரிந்துகொண்டு. அப்புறம் மருந்துக்கடை அண்ணனுக்கு என்ன மரியாதை?