ஐந்து நாள் முன்னதாகக் கோபப்படவும்

போராட்டங்களுக்கு நான் எதிரி அல்ல. வேண்டுமானால் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டே தருகிறேன். எனக்கு இருப்பதெல்லாம் சில சின்ன நிபந்தனைகள். காலை எட்டு முதல் பதினொன்று வரை ராதாகிருஷ்ணன் சாலையில் கூடாது. மாலையில் லஸ் முனைப் பக்கம் கூடவே கூடாது. ஒலிபெருக்கி வேண்டாம். பரீட்சைக் காலத்தில் வேண்டாம், பிள்ளைகள் படிக்கும். மழைக்காலத்திலும் வேண்டாம், போராடுகிறவர்களுக்கே சளி பிடிக்கும். கோரிக்கை நியாயமாக இருக்க வேண்டும். அதற்காக உடனே நிறைவேற்று என்று அடம்பிடிக்கக் கூடாது. இத்தனைக்கும் உட்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வள்ளுவர் கோட்டம் பக்கம் யாராவது போராடினால் என் முழு ஆதரவும் அவர்களுக்கு உண்டு. அந்த நேரத்தில் நான் மந்தைவெளியில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

இதில் நான் தனி ஆள் இல்லை. சட்டமே என் கட்சி. 1888-ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டத்தில் 41 என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஊருக்குள் கூட்டம், ஊர்வலம் எதுவும் கூடாது என்று போலீஸ் கமிஷனர் 15 நாட்களுக்கு உத்தரவு போடலாம். பதினைந்து நாள் முடிந்ததும் இன்னொரு பதினைந்து. இப்படிப் புதுப்பித்துப் புதுப்பித்தே வண்டி ஓடுகிறது. கூடித்தான் ஆக வேண்டும் என்றால் 5 நாள் முன்னதாக மனுக் கொடுக்க வேண்டும். அதாவது திங்கட்கிழமை வயிறு எரிந்தால் சனிக்கிழமை கத்தலாம். டிராம் போயிற்று, மூர் மார்க்கெட் எரிந்தே போயிற்று, மெட்ராஸ் என்ற பெயரும் போயிற்று. பிரிவு 41 மட்டும் குத்துக்கல் மாதிரி இருக்கிறது.

இதை நாகேஸ்வரராவ் பூங்காவில் நடைப்பயிற்சி முடித்து உட்கார்ந்திருந்தபோது பெருமையாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்: “தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுல கூடுதே, அந்தக் கூட்டத்துக்கு யாரு சார் மனு போட்டா?” யோசித்தேன். உண்மைதான். அங்கே என் காலை மிதித்தவர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்தால் பனகல் பார்க் வரை போகும். ஆனால் மிதித்தவர் எவரும் என்னிடம் கோரிக்கை வைக்கவில்லை; அதனால் கோபம் வரவில்லை. அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதியில் வண்டி நுழைய முடியாது. அன்றைக்கு நான் திட்டுவதற்குப் பதில் நீர்மோர் கொடுக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த போராட்டம் ஹர்த்தால். வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பதே போராட்டம் என்றால் என்னைவிடத் தீவிரமான போராளி கிடைப்பது கஷ்டம். அந்த யோசனை பிறந்த இடம் நம்ம பேட்டைதான் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. 1919 மார்ச்சில் காந்தி சென்னைக்கு வந்து கதீட்ரல் சாலையில் ஒரு பங்களாவில் தங்கியிருந்தார். ரௌலட் சட்டத்தை எப்படி எதிர்ப்பது என்று ராஜாஜியோடு ஓயாத பேச்சு. ஒரு விடிகாலையில், தூக்கமும் விழிப்புமான நேரத்தில், நாடு முழுக்க ஒருநாள் வேலையை நிறுத்தி உண்ணாவிரதமும் பிரார்த்தனையுமாக இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எழுந்ததும் ராஜாஜியிடம் சொன்னார். அந்த பங்களா இருந்த இடத்தில் இப்போது ஓர் ஓட்டல் நிற்கிறது. எனக்கும் அந்த விடிகாலை நேரத்தில் யோசனைகள் வருவதுண்டு. நேற்று வந்தது, கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தோமா இல்லையா என்பது.

இதைவிடச் சாதுவான போராட்டம் இருக்க முடியுமா? கடையைச் சாத்து, சாப்பிடாதே, சாமி கும்பிடு. ஆனால் முதலில் குறித்த மார்ச் 30-ஐ ஏப்ரல் 6-க்கு மாற்றிய செய்தி டெல்லிக்கு நேரத்தோடு போய்ச் சேரவில்லை. அங்கே 30-ஆம் தேதியே கடையை அடைத்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. ஏப்ரல் 13 அமிர்தசரஸில் என்ன ஆனது என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் நாளே பால் வாங்கி வைத்துக்கொண்டால் ஹர்த்தாலால் யாருக்கும் தொல்லை இல்லை என்பது என் நெடுநாள் கொள்கை. அரசாங்கத்துக்கு அப்படித் தோன்றவில்லை போலும்.

இந்த விஷயங்களில் எங்கள் வீட்டு நிபுணர் என் மைத்துனர். ரிடையர்டு எஸ்.ஐ. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவார். பந்தோபஸ்து டூட்டியில் வெயிலில் நின்று நின்றே பாதி சர்வீஸ் போனது என்பார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது மண்டப சாஸ்திரம். தமிழ்நாட்டில் கைது என்றால் உடனே ஜெயில் என்று நினைக்கக் கூடாது. காலையில் மறியல், பதினொரு மணிக்குக் குண்டுக்கட்டாகத் தூக்கி வேனில் ஏற்றுவது, கல்யாண மண்டபத்திலோ சமுதாயக் கூடத்திலோ உட்கார வைப்பது, சாயங்காலம் விடுதலை. பல பேர் விஷயத்தில் இதுதான் நடைமுறை.

“முகூர்த்த நாளா பார்த்துப் போராட்டம் வெச்சாங்கன்னா எங்க உசிரு போயிடும் மாமா. மண்டபம் கிடைக்காது. அங்க கெட்டிமேளம் கொட்டும், இங்க வேன்ல கோஷம் போடுவாங்க. அதோட சாப்பாடு. புடிச்சா சோறு போடணும், அது புடிச்சவங்க பொறுப்பு. சாம்பார் சாதம் உப்பு சப்பில்லைன்னு மண்டபத்துக்குள்ள தனியா ஒரு போராட்டம் நடக்கும்.”

நாங்கள் சிரிப்போம். மகள் மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் 2017-இல் மெரினாவில் இருந்தவள்.

நானும் இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜல்லிக்கட்டுக்காக ஜனவரி 17-ஆம் தேதி விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே உட்கார ஆரம்பித்தார்களே, அந்த வாரத்தில் ஒருநாள் மாலை நானும் மனைவியும் ஒரு தூக்குப் புளியோதரையுடன் போனோம். மாடு என்றால் எனக்கு ஆவின் பாக்கெட் வரைதான் பழக்கம். இருந்தாலும் உணர்ச்சிவசப்பட்டேன். பிள்ளைகளே போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள், குப்பையைப் பொறுக்கினார்கள். இருட்டியதும் எல்லாரும் செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தார்கள். என்னுடையதை எரிய வைக்கத் தெரியாமல் விழித்தேன். ஒரு கல்லூரிப் பெண் வாங்கி எரிய வைத்துக் கொடுத்தாள். அணைப்பது எப்படி என்று கேட்க வெட்கமாக இருந்தது. சட்டைப் பையில் வெளிச்சத்தோடு சாந்தோம் வழியாக நடந்து வீடு வந்து சேர்ந்தேன். “இதுதான் போராட்டம், இதுதான் நாகரிகம்” என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தவர்களை 23-ஆம் தேதி விடிகாலையில் போலீஸ் அப்புறப்படுத்தத் தொடங்கியது. தேசிய கீதம் பாடினார்கள், அப்போதும் அப்புறப்படுத்தினார்கள். அன்று மாலையே சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. அதற்குள் ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ, நடுக்குப்பத்தில் மீன் மார்க்கெட் எரிந்து கரி. போலீஸ் உடுப்பில் இருந்தவர்கள் வண்டிகளைக் கொளுத்தும் காட்சிகள் டி.வி.யில் வந்தன. நீதிபதி ராஜேஸ்வரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள்.

மைத்துனர் அந்த வாரம் முழுக்கக் கடற்கரையில் டூட்டி பார்த்தவர். “பசங்க தண்ணி பாட்டில் குடுத்தாங்க மாமா. பிஸ்கட் குடுத்தாங்க. ஆனா சட்டம் வந்தாச்சு, கலைஞ்சு போங்கன்னா போகணுமா இல்லையா? உள்ள வேற ஆளுங்க பூந்துட்டாங்க” என்றார்.

“மீன் மார்க்கெட் என்ன பண்ணுச்சு மாமா?” என்றாள் மகள்.

மைத்துனர் ரசம் கேட்டார்.

சூழ்நிலை சரியில்லை என்று பட்டதும் குடும்பத் தலைவன் என்ற முறையில் தலையிட்டேன். “எதுவா இருந்தாலும் கொஞ்சம் அமைதியாப் பேசலாமே.”

“யாரும் கத்தலையேப்பா” என்றாள் மகள். “மாமா பதில் சொல்ல வேண்டிய நேரத்துலதான் நீங்க இதைச் சொல்றீங்க. நான் கேள்வி கேட்கும்போது மட்டும்தான் உங்களுக்கு அமைதி ஞாபகம் வரும்.”

நானும் ரசம் கேட்டேன்.

அதன் பிறகு மெரினாவில் உட்கார யாருக்கும் வழியில்லை. 2018-இல் காவிரிக்காக 90 நாள் உண்ணாவிரதம் இருக்க இடம் கேட்டு விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு உயர் நீதிமன்றம் போனார். தனி நீதிபதி ஒரு நாளைக்கு அனுமதித்தார். அதையும் டிவிஷன் பெஞ்ச் நிறுத்தி வைத்தது. கடற்கரை காற்று வாங்குவதற்கு என்று நானும் தீர்ப்புச் சொன்னேன். எண்ணெய் சொட்டும் மிளகாய் பஜ்ஜிக்கும், சவாரிக் குதிரை போட்டுவிட்டுப் போவதற்கும் அங்கே தடை எதுவும் இல்லை. அது நம் பண்பாடு.

பிறகு கோலம் வந்தது. 2019 டிசம்பர் 29, மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை காலை. குடியுரிமைத் திருத்தச் சட்டமும் குடிமக்கள் பதிவேடும் வேண்டாம் என்று பெசன்ட் நகரில் சில பெண்கள் தெருவில் கோலம் போட்டார்கள். போலீஸ் அவர்களைப் பிடித்துக்கொண்டு போனது, அவர்களுக்காகப் பேச வந்த வழக்கறிஞர்களையும் பிடித்தது, பிறகு விட்டது. அனுமதி இல்லாமல் கூடினார்கள், குடியிருப்பவர்களோடு வாக்குவாதம் செய்தார்கள் என்பது போலீஸ் தரப்பு. மறுநாள் கோபாலபுரத்தில் கருணாநிதி வீட்டு வாசலிலும், ஆழ்வார்பேட்டையில் ஸ்டாலின் வீட்டிலும், சி.ஐ.டி. காலனியில் கனிமொழி வீட்டிலும் அதே கோலம். ஒரு தெருவில் கிடந்ததை ஊர் முழுக்கப் பரப்பிய பெருமை காவல்துறையையே சேரும்.

எனக்குத்தான் பெரிய சங்கடம். என் நிபந்தனைகளை வாங்கிப் படித்துவிட்டே வந்தவர்கள் போல நடந்துகொண்டிருந்தார்கள். ஞாயிறு, காலை, ஒலிபெருக்கி இல்லை, சாலை மறியல் இல்லை. போட்டது கோலம்; போட்ட மாதம் மார்கழி. ஜனவரி பிறந்தால் வடக்கு மாட வீதியை மறித்துக் கோலப் போட்டியே நடக்கிறது, நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். இனி எதைக் குறை சொல்வது? சாப்பாட்டு மேசையில் வெகுநேரம் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தேன். “கோலம் போடலாம். ஆனா எழுத்து எதுக்கு?”

மனைவி அதுவரை பேசவில்லை. “புள்ளிக் கோலமா, ரங்கோலியா?” என்று தம்பியிடம் கேட்டாள்.

“அது தெரியலை அக்கா. கம்ப்ளெயின்ட் வந்தா நாங்க போய்த்தான ஆகணும்?”

“விடிகாலையில குனிஞ்சு கோலம் போடுறவளைப் பார்த்து ஸ்டேஷனே கிளம்பி வருதுன்னா,” என்று மோரை ஊற்றினாள், “நான் இத்தனை வருஷமா இதை வீணாத்தான் போட்டுட்டு இருந்திருக்கேன்.”

அந்த வாக்கியத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். எங்கள் அடுக்குமாடி சங்கத்தின் செயலாளர் நான்தான். வேறு யாரும் முன்வராததால் கிடைத்த பதவி. கொஞ்ச காலம் கழித்து ஒரு கோடையில் போர் வற்றியது. மெட்ரோ லாரி வந்தால் வரும். செலவைக் கட்டுப்படுத்த, மோட்டார் போடும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். குறைகளை எழுத்து மூலமாக மட்டுமே தெரிவிக்கவும், செயலாளரை மாடிப்படியில் வழிமறிப்பதைத் தவிர்க்கவும், கண்ணியம் காக்கவும் என்று கீழே குறிப்பு.

ஒருநாள் காலை பால் எடுக்கக் கீழே போனால் கேட்டுக்கு முன்னால் அகலமாக ஒரு கோலம். காவிப் பட்டை கட்டி, நடுவில் கவிழ்த்து வைத்த குடம். அதைச் சுற்றி அழகான கையெழுத்தில், “செயலாளரே, மோட்டார் எப்போது?” என்று. மளிகைச் சீட்டில் நான் தினமும் பார்க்கும் கையெழுத்து. எல்லா மாடிப் பெண்களும் சுற்றி நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியிருந்தாலாவது அமைதி காக்கச் சொல்லியிருப்பேன்.

மைத்துனருக்குப் போன் போட்டேன். ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர் கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார். “சுழி நல்லா வந்திருக்கு அக்கா” என்றார். பந்தோபஸ்தின் லட்சணம் அது.

“யாரைக் கேட்டுப் போட்டீங்க? முன்அனுமதி எங்கே?” என்றேன்.

“அஞ்சு நாள் முன்னாடியே மனுக் கொடுத்தாச்சு” என்றாள் மனைவி. “ஃப்ரிட்ஜ் மேல, உங்க மாத்திரை டப்பாவுக்கு அடியில இருக்கு.”

“பெற்றுக்கொண்டதாக நான் கையெழுத்துப் போட வேண்டாமா?”

“போட்டிருக்கீங்களே. கூரியர்னு நெனச்சு.”

மேலே போய்ப் பார்த்தேன். போட்டிருந்தேன், தேதியுடன். கீழே வந்து, கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாகவும், பேச்சுவார்த்தைக்கு எப்போதும் கதவு திறந்தே இருப்பதாகவும், முதல் நடவடிக்கையாகப் பொதுமக்களுக்கு இடையூறான கோலம் அகற்றப்படும் என்றும் அறிவித்தேன். பொதுமக்கள் என்று நின்றிருந்தவர் இஸ்திரிக்காரர் ஒருவர்தான். அவரும் மூன்றாவது மாடியம்மாவுக்குக் குடத்தின் கழுத்தைத் திருத்த யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். வாளியைக் குழாயடியில் வைத்துத் திருகினேன். குழாய் இரண்டு தரம் இருமியது. காற்று வந்தது. அதுவும் நின்றது.

மைத்துனர் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“மாமா, சர்வீஸ்ல பார்த்தவன் சொல்றேன். புடிச்சு எங்கயாவது உட்கார வெச்சோம்னா மத்தியானச் சாப்பாடு நம்ம பொறுப்பு. இந்த பில்டிங்ல சமைக்கத் தெரிஞ்ச அத்தனை பேரும் அரெஸ்ட் லிஸ்ட்ல இருக்காங்க. யோசிச்சுச் செய்ங்க.”