மீனம்பாக்கத்தில் இறங்கி, பரந்தூரில் ஏறு

மதுரையில் விமானம் ஏறுகிறவர் ஒன்றேகால் மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுவார். அவர் பிடிக்க வேண்டிய அடுத்த விமானம், சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரப்போகும் பரந்தூரில் நின்றால்? பழைய நிலையத்தை மூட மாட்டோம், இரண்டும் ஓடும் என்கிறது அரசு. ரொம்ப சந்தோஷம். நடுவில் கிடக்கிறது அறுபது கிலோமீட்டர் சொச்சம். மேப்பில் ஒரு விரற்கடை. தரையில் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், கூடவே கன்டெய்னர் லாரிகள். மதுரையிலிருந்து பறந்து வந்த நேரத்தைவிட இந்த ரோட்டில் ஊரும் நேரம் கூடுதலாகும்.

அந்த ரோட்டின் யோக்கியதைக்கு நீதிமன்றச் சான்றிதழே இருக்கிறது. மதுரவாயல்–வாலாஜா சாலை கிடந்த கோலத்தைப் பார்த்து, சுங்கக் கட்டணத்தில் பாதியை மட்டும் வாங்கு என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. மெட்ரோ வரும் என்பீர்கள். பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு 52.94 கிலோமீட்டர் என்று திட்ட அறிக்கை. முதல் கட்டம் சுங்குவார்சத்திரத்தோடு சரி. மிச்சத்துக்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

புது நிலையத்துக்கான போட்டியில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பன்னூரும் கடைசிவரை இருந்தது. 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று முடிவானது. பன்னூர்க்காரர்கள் பிழைத்தார்கள். கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு எண்ணூர்–மாமல்லபுரம் எல்லைச் சாலை இருக்கிறதே, 132 கிலோமீட்டர், தச்சூரில் ஏறினால் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கலாம் என்று ஆசை காட்டுகிறார்கள். யாருக்கு ஐயா இந்த ஆசை? சிப்காட்டில் உலை முன்னால் நின்று இரும்பு உருக்குகிறவன் ஷிப்ட் முடிந்து லோக்கல் ஏறினால், எக்ஸ்பிரஸ் போகட்டும் என்று அவன் வண்டியைக் கவரைப்பேட்டையில் ஓரங்கட்டுகிறார்கள். கதவில் தொங்கியபடி அவன் பார்க்க, எக்ஸ்பிரஸ் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகிறது. கூடுதல் பாதை கேட்டுக் கேட்டு இந்தத் தடத்தில் தொண்டை வறண்டாயிற்று. சென்னை வரை அவனுடைய நாற்பத்தெட்டு கிலோமீட்டரைக் கவனிக்க ஆள் இல்லை; வானத்தில் போகிறவருக்குத் தரையில் மூன்று வழி.

இந்தக் கூத்தைக் கனடா ஏற்கெனவே ஆடி முடித்துவிட்டது. மான்ட்ரியலில் டோர்வால் நிலையம் இருக்க, கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஏக்கரை வளைத்து 1975-இல் மிராபெல்லைத் திறந்தார்கள். உள்நாட்டு விமானம் டோர்வாலில், வெளிநாட்டு விமானம் மிராபெல்லில். இரண்டுக்கும் நடுவே ஓடுவதாகச் சொன்ன ரயில் ஓடவே இல்லை. அலுத்துப்போன பயணிகள் டொரொன்டோ வழியாகப் போனார்கள். 2004-இல் பயணிகள் விமானம் நின்றது. பிறகு முனையத்தையே இடித்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஊர்க்காரன் பிடுங்கிய நிலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தான். இங்கே? கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் ஊர் கத்தக் கத்த மேய்ச்சல் நிலத்தை சிப்காட் ஆக்கினார்கள். பரந்தூரில் கேட்பது ஏறத்தாழ 5,700 ஏக்கர், அதில் ஏரியும் குளமும் அடக்கம். வேண்டாம் என்று, நிலம் பறிபோகிற ஏகனாபுரத்தின் கிராம சபை தீர்மானம் போட்டது, மறுபடி போட்டது, மறுபடியும் போட்டது. ஏகனாபுரத்திலிருந்து கோட்டைக்கு எத்தனை நிமிடம் என்று எந்த அறிக்கையிலாவது இருக்கிறதா? 2022-இல் கிளம்பிய காகிதம் இன்னும் வந்து சேரவில்லை.