ஓடிபி வந்துச்சுங்களா? கணபதி வட்டாரச் செயலரியல் குறித்து ஓர் ஆய்வு

கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் எதைக் கொண்டு இயங்குகிறது என்று கேட்டால் சிலர் மென்பொருள் என்பர். சிலர் முதலீடு என்பர். அண்மைக் காலத்தார் செயற்கை நுண்ணறிவு என்பர். மூன்று கூற்றும் களத்தைப் பாராது சொன்னவை. அது ஒரு போன் காலில் இயங்குகிறது என்பதும், அந்த போனைப் போடுபவர் அட்மின் செக்ரட்டரி என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களம் கோவை கணபதி. காந்திபுரத்தில் பஸ் ஏறி சத்தி ரோட்டில் வந்தால் டெக்ஸ்டூல் ஸ்டாப்பைத் தெரியாதவர் இல்லை. மோட்டார், பம்ப், வார்ப்படம், லேத் என்று இரும்போடு வளர்ந்த ஊர். அதே ரோட்டில் இன்னும் போனால் சரவணம்பட்டி, ஐடி கம்பெனிகள். ஆகவே கீழே லேத் பட்டறை, மாடியில் பள்ளிகளுக்கு ஆப் செய்து தரும் கம்பெனி என்றொரு கட்டடம் இங்கே முளைப்பது நில இயல்பு. மாடியில் டெவலப்பர்கள் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பார்கள். கீழே இரும்பு அறுபடும் சத்தத்தை முழுதாகக் கேட்கிற ஒரே ஜீவன் நம் ஆய்வுப்பொருள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், டேலி தெரியும். கொட்டேஷன், ஜிஎஸ்டி பில், கூரியர், டீக்கணக்கு, டெமோவுக்குப் போகிறவருக்கு புரொஜக்டர் ஒயர் தேடிக் கொடுப்பது எல்லாம் அவர் தலையில். இவை மற்ற ஆபீஸ்களிலும் உண்டு என்பதால் விட்டுவிடுகிறோம்.

இத்துறைக்கே உரிய முதல் சிக்கல் எழுபது. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட். அதில் ஆங்கிலம் 160 எழுத்து போகும். தமிழ் 70 தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனி இடம் கேட்கும். நாம் நான்கெழுத்தென்று எண்ணும் ‘விடுமுறை’க்கு எட்டு இடம். ‘கனமழை காரணமாக நாளை பள்ளிக்கு விடுமுறை’ என்பதற்கு 37. கையெழுத்தாக ‘மெட்ரிகுலேஷன் மேல்நிலைப்பள்ளி’ என்று போட்டால் இடைவெளியோடு இன்னும் 30. மீதி மூன்று. அந்த மூன்று இடத்துக்குள், பள்ளிக்குப் பெயர் கொடுத்த தாளாளரின் தாத்தாவை உட்கார வைக்க வேண்டும். உட்கார மாட்டார். 71 ஆனால் இரண்டு செய்திக்குக் காசு. தாத்தாவை எடுத்துவிடலாமா என்று தாளாளரிடம் கேட்கிற வேலைக்கு மென்பொருள் ஏதும் இல்லை.

2010 ஜூனில் இதே கோவையில் செம்மொழி மாநாடு கூடியபோது தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பள்ளிச் சுற்றறிக்கைகளில் சில இன்னும் பழைய எழுத்துருவிலேயே வந்து சேர்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்துகள் அடிதடியில் இறங்கியதுபோல் இருக்கும். அதைப் படித்துத் தமிழாக்குபவரும் நம் செயலரே. கல்வெட்டுத் துறையினர் இவரைக் கவனிக்காதது வியப்பு.

இனி ஓடிபி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிப்படி, கம்பெனி அனுப்பும் குறுஞ்செய்தியின் வாசகம் முன்கூட்டியே டிஎல்டி என்னும் பதிவுத் தளத்தில் ஏற வேண்டும். 2021 மார்ச் 8 அன்று பதிவோடு பொருந்தாதவற்றை வடிகட்டத் தொடங்கியதும் நாடெங்கும் ஓடிபிகள் காணாமற் போக, டிராயே அதை ஒரு வாரம் நிறுத்திவைத்தது. ஆகவே கமா பிசகாமல் வாசகத்தைப் பதிவது செயலரின் பெரும்பணி. அப்படி அவர் கைப்பட ஏற்றிய வாசகம் இது: ‘இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்.’ ஏற்றிவிட்டு, பள்ளிக் கணக்கின் ஓடிபி தாளாளரின் போனுக்கே போவதால், அவருக்கு போன் போட்டு அதைக் கேட்பதும் செயலரே.

“ஐயா, ஓடிபி வந்துச்சுங்களா?”

“அம்மிணி, நானு தோட்டத்துல நிக்கறேன். அந்தப் போனு ஊட்ல சார்ஜுல கெடக்குது.”

ஓடிபியின் ஆயுள் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் எப்போதும் பதினோரு நிமிடம். இதை விதியாகவே கொள்ளலாம். ஒருமுறை மட்டும் செல்லும் கடவுச்சொல்லுக்கு 1981-இல் வழி சொன்ன லெஸ்லி லாம்போர்ட், கம்பியில் ஒட்டுக் கேட்பவனுக்கு அது உதவக் கூடாது என்று கணக்குப் போட்டவர். இங்கே வீட்டிலிருக்கும் தாளாளரின் மனைவி அதை ஒவ்வோர் எண்ணாக உரக்கச் சொல்ல, லேத் சத்தத்தை மீறிச் செயலர் அதைவிட உரக்கத் திருப்பிச் சொல்ல, பட்டறையில் இருப்பவர்களுக்கும் அது மனப்பாடம். லாம்போர்ட் இந்தத் தோட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வொழுக்கம் எத்திணை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வரும் என்று காத்திருப்பதால் முல்லை என்பார் ஒரு சாரார். காலாவதி ஆனபின் இரங்கலே மிஞ்சுவதால் நெய்தல் என்பார் மற்றொரு சாரார். ‘ரீசெண்ட்’ பொத்தானை அழுத்தியதும் மீண்டும் முல்லையாகிவிடுவதை இருவரும் மறந்தனர். திணைமயக்கம் என்று நாம் முடிக்கிறோம்.

இதற்குக் களம் கண்ட தீர்வு எளிது: பள்ளியின் எண் என்ற கட்டத்தில் செயலர் தன் எண்ணையே போட்டுவிடுவார். ஓடிபி சிக்கல் அன்றோடு தீரும். பக்கவிளைவு ஒன்றுண்டு. ஆப்பில் ‘பள்ளியைத் தொடர்புகொள்ள’ என்று பெற்றோருக்குத் தெரிவதும் அந்த எண்தான். ஐப்பசியில் தூறல் விழுந்தால் விடியுமுன்னே மணி அடிக்கும்: “ஏனுங்க, இன்னிக்கு லீவுங்களா?” லீவு விடுகிறவர் மாவட்ட ஆட்சியர் என்று ஒவ்வொருவருக்கும் பதமாகச் சொல்லி வைத்துவிட்டு, குடையைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும். ஆட்சியரின் உத்தரவு பள்ளிகளுக்குத்தான். ஆப் கம்பெனிகளுக்கு இல்லை.