மேடேறும் ஜீப்பும் மேட்டுக்குடி ஜீப்பும்

ரத்தோட்டையைத் தாண்டி ரிவஸ்டன் பக்கம் ஏறும் ஜீப் ஒன்று இடைவழியில் கறுப்புப் புகை கக்கி நின்றால், கூடுகிற அத்தனை பேரும் எஞ்சினைத்தான் திட்டுகிறார்கள். இன்ஜெக்டர் போயிற்று என்பார் ஒருவர். பம்ப் என்பார் இன்னொருவர். இந்தக் கொம்பனியே இப்படித்தான் என்பார், ஜீப்பே வைத்திராத மூன்றாமவர். பாவம் எஞ்சின். அதற்கு வாக்கு இல்லை. ஊடகச் சந்திப்பு வைக்கத் தெரியாது. முந்திய அரசாங்கம்தான் காரணம் என்று சொல்லவும் வாயில்லை.

மாத்தளை மாவட்டத்தில் ஜீப் வைத்திருப்பவர் எல்லாரும் விளையாட்டுக்கு வைத்திருப்பதாகக் கொழும்பு நினைக்கிறது. ஒருமுறை எல்கடுவ தோட்டப் பாதைகளில் ஏறிப் பார்க்கலாம். வெள்ளைக்காரன் போட்ட பாதைகள். அதற்குப் பிறகு வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மழை பிடித்தால் 1990 இலக்க அம்புலன்ஸ் பல லயங்களுக்குக் கீழேயே நின்றுவிடும். பிள்ளைத்தாய்ச்சியை இறக்கத் தோட்டத்து லொறி வரவேண்டும், அல்லது யாரோ ஒருவரின் கிழட்டு ஜீப் வரவேண்டும். லக்கலையில் விளைந்ததைச் சந்தைக்கு இறக்குவதும், வஸ்கமுவ காட்டுக்குள் வெளிநாட்டுக்காரரை ஏற்றிப் போய் நாட்டுக்கு டொலர் கொண்டுவருவதும் இதே டீசல் எஞ்சின்கள்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, பாதை என்ற பெயரில் மிச்சமிருந்ததும் பல இடங்களில் மலையோடு சேர்ந்து இறங்கிவிட்டது.

துரைமார் காலத்து லாண்ட் ரோவர்கள் இன்று மிளகும் மரக்கறியும் ஏற்றுகின்றன. 1948இல் பிறந்த இனம். 1994இல் வந்த அதன் 300 டீடீஐ எஞ்சினை இன்னமும் கராஜ் கராஜாகத் தேடி அலைபவர்கள் உண்டு. அதை ஓட்டக் கணினி தேவையில்லை. ஒரு கராஜ் பாஸும் ஒரு ஸ்பனர் பெட்டியும் போதும். முப்பது வருடப் பழைய எஞ்சினை ஒருவன் நம்புகிறான், புதியதைக் கண்டு பயப்படுகிறான் என்றால் அவனுக்குப் பழைமைப் பித்து என்று நினைக்காதீர்கள். அவன் எந்த டீசலை ஊற்றவேண்டியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அந்த டீசலின் கதைக்கு வருவோம். 2021 டிசம்பரில் ஓட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 460. அதுவும் கிடைத்தால். வரிசையில் நின்றே செத்தவர்கள் இருந்தார்கள். அதே நாட்களில் மண்ணெண்ணெய் 87 ரூபா. இந்தக் கணக்கைப் போட மத்திய வங்கியில் உத்தியோகம் வேண்டாம். பஸ்ஸும் லொறியும் மண்ணெண்ணெய் கலந்து ஓடின. ஓகஸ்டில் விழித்தார்கள். ஒரே அடியில் மண்ணெண்ணெயை 340 ரூபாவாக்கினார்கள். கலப்படக்காரன் வேறு வழி பார்த்துக்கொண்டான். லயத்துக் குப்பி விளக்குக்கும் அடுப்புக்கும் வேறு வழி இருக்கவில்லை.

அந்தக் கலவை எஞ்சினுக்குள் என்ன செய்தது? டீசல் எஞ்சினின் உயர் அழுத்தப் பம்புக்குப் பெரும்பாலும் தனியாக எண்ணெய் கிடையாது. அதற்குள் ஓடும் டீசலே அதற்கு மசகு. மண்ணெண்ணெய் மெலிந்தது. மசகைக் கெடுக்கும். உலோகம் உலோகத்தோடு உரசும். உதிரும் தூள் நேரே இன்ஜெக்டருக்குப் போகும். இன்றைய கொமன் ரெயில் எஞ்சினில் 1,600, 2,000 பார் அழுத்தத்தில் மயிரிழைத் துளை வழியாக டீசலைத் தெளிக்கும் பொருள் அது. அதன் ஆயுள் அன்றே குறைந்துவிட்டது. இன்று கராஜில் படுத்திருக்கும் எத்தனையோ ஜீப்புகளின் நோய், அந்த வரிசைக் காலத்தில் வாங்கியதுதான். சிகிச்சைச் செலவு மட்டும் உரிமையாளருடையது.

புதிய ஜீப் வாங்கியவர் பிழைத்தாரா? அவருக்கு வேறு வியாதி. புகைக்குழாயில் டீபீஎஃப் என்று ஒரு வடிகட்டி. கரியைப் பிடித்து வைத்துப் பிறகு எரிக்கும். எரிக்க வேண்டுமென்றால் எஞ்சின் நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடவேண்டும், டீசலில் கந்தகமும் இருக்கக்கூடாது. ஐரோப்பாவில் 2009 முதல் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் கூடாது. நம் ஓட்டோ டீசலில் சுப்பர் டீசலைவிடவே பல மடங்கு. சுப்பர் டீசலோ மலைப்பக்கத்து நிலையங்கள் எல்லாவற்றிலும் கிடைக்காது. வேகம்? ரிவஸ்டன் வளைவுகளில் எருமை முந்திப் போகும். வடிகட்டி அடைக்கிறது. எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயில் இறங்குகிறது. "கழற்றி எறிஞ்சிடுவோமா ஐயா?" என்கிறார் பாஸ். கழற்றி எறிகிறார்கள்.

எறிந்துவிட்டு வருடாந்தப் புகைப் பரிசோதனைக்குப் போகவேண்டும். 2008 முதல் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. எந்த டீசல் நாட்டுக்குள் வரலாம் என்று முடிவெடுப்பவர் ஒருவர். அதன் புகைக்குக் காசு கட்டி விளக்கம் சொல்பவர் இன்னொருவர். (கண்டி – மாத்தளை வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்கு இந்தச் சான்றிதழின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.)

அவுஸ்திரேலியாவில் இதே வடிகட்டிக்காக டொயோட்டாவையே நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபோர்ச்சுனர்; மொத்தம் 264,170 வாகனங்கள். 2022இல் நீதிபதி உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். நட்டஈட்டுக் கணக்கு 2024இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை போயிற்று. இங்கே யார்மேல் வழக்குப் போடுவது? செய்தவன் ஜப்பானில். கைமாற்றி விற்றவன் தொலைபேசி எடுப்பதில்லை. 2011இல் தரங்கெட்ட பெற்றோல் கப்பலில் வந்து வாகனங்கள் படுத்தபோதும் விசாரணை என்றார்கள், நட்டஈடு என்றார்கள். அதற்குள் அடுத்த கப்பல் வந்துவிட்டது.

சரி, வேறு வாகனம் வாங்கலாம் என்றால், 2020 மார்ச்சில் இறக்குமதிக் கதவைச் சாத்தினார்கள். தனியார் வாகனத்துக்கு அது திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் எஞ்சின்கள் கிழடாகின, விலைகள் வாலிபமாகின. திறந்த வாசலில் சுங்கத் தீர்வை, அதற்கொரு மேலதிகக் கட்டணம், எஞ்சின் கொள்ளளவு பார்த்து உற்பத்தி வரி, ஆடம்பர வரி, எல்லாவற்றின் தலையிலும் 18 சதவீத வற். ஆடம்பரம் என்று எழுதியவர் இலுக்கும்புரவில் ஒரு மழைக்காலம் குடியிருக்கட்டும்.

நாட்டில் நல்ல எஞ்சினே இல்லையா? நிறைய இருந்தன. 2024 செப்டம்பரில் ஆட்சி மாறியதும் காலிமுகத்திடலில் வரிசையாக நிறுத்திக் காட்டினார்களே. முந்திய ஜனாதிபதியின் ஆட்கள் பாவித்தவை. 2025 மே மாதம் ஜனாதிபதி செயலகம் தன் வாகனங்களை ஏலம் விட்டபோது 17 மட்டும் விற்று 20 கோடி ரூபாவுக்கு மேல் வந்தது. லாண்ட் குரூசர் வீ8, நிஸான் பட்ரோல், லாண்ட் ரோவர் என்று ஏலப் பட்டியலே ஒரு கண்காட்சி. பாலைவனம் கடக்கவும் ஆற்றில் இறங்கவும் செய்த எஞ்சின்கள். அவை கடந்தது பத்தரமுல்லையை. இறங்கியது பாராளுமன்றப் படிக்கட்டடியில்.

எம்.பி.களுக்குத் தீர்வையற்ற பெர்மிட் கொடுத்த கதையும் உண்டு. மக்களிடம் போக வாகனம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். பெர்மிட் வியாபாரியிடம் போயிற்று. வாகனம் அவன் வீட்டுக்குப் போயிற்று. மக்களிடம் ஒருவரும் போகவில்லை. இனிப் பெர்மிட் இல்லை என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். கைதட்டினோம். 2026 வரவு செலவுத் திட்டத்தோடு எம்.பி.களுக்கு டபள் கெப் கொடுக்கும் பேச்சு வந்தது. தட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வரட்டும். டபள் கெப்புக்கு நான்கு சக்கரத்திலும் இழுவை உண்டு. அதில் ஒன்று ஒருநாள், முன்னால் பொலிஸ் வாகனம் இல்லாமல், ரத்தோட்டை வழியாக மேலே ஏறட்டும். டீசலை மட்டும் கொழும்பில் நிரப்பிக்கொண்டு வராமல், நாங்கள் அடிக்கும் பம்பிலேயே அடித்துக்கொள்ளட்டும். பாஸின் தொலைபேசி இலக்கம் தருகிறோம்.