மூக்கை மாற்றாத வில்லன்

கேள்வி: கௌபாய் படம் பார்க்கும்போது ஹீரோவை விட்டுவிட்டு வில்லனையே பார்த்துக்கொண்டிருந்ததுண்டா?

பதில்: லீ வான் கிளீஃப் திரையில் இருந்தால் வேறு யாரைப் பார்ப்பதாம்? 1952-இல் வந்த ‘ஹை நூன்’ படத்தில் முதலில் தெரியும் முகமே அவருடையதுதான். ஆனால் படம் முழுக்க ஒரு வரி வசனம் கிடையாது. மூக்கைச் சரிசெய்துகொண்டால் பெரிய வேடம் என்று ஆசை காட்டியும் மறுத்துவிட்டார். மூக்கும் முழியுமாக இருந்தால்தான் கதாநாயகன். இவருக்கோ அந்த மூக்கும் முழியுமே பிழைப்பு!

அப்புறம் வருஷக்கணக்கில் அடியாள் வேடங்கள். சுட வருவார், சுடப்பட்டு விழுவார். 1958 கார் விபத்தில் முழங்கால் நொறுங்கியது. குதிரை ஏறுவதே பெரும்பாடு. வாய்ப்புகள் குறைய, ஓவியம் வரைந்து காலம் தள்ளினார். அந்த நேரத்தில் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி தேடி வந்தார். 1965-இல் ‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’ படத்தில் கர்னல் மார்ட்டிமர். கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்குச் சரிசமமான வேடம். நாற்பது வயதில் நட்சத்திரம்!

அடுத்த வருடமே ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’. கல்லறை மைதானத்து மும்முனைச் சண்டையில், துப்பாக்கியை நோக்கி மெல்ல நகரும் அவரது வலது கையை கேமரா நெருங்கிக் காட்டும். நடுவிரலின் நுனி இருக்காது. ஒப்பனையல்ல, நிஜம். எந்த வசனமும் தராத மிரட்டல் அது.

ஈஸ்ட்வுட்டுக்காக இந்தப் படங்களை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். வான் கிளீஃபுக்காக இன்னொரு முறை பாருங்கள்.