அடித்ததற்குக் கூலி

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம். பத்து வயது வரை அரை டிக்கெட். பெரியவர்களுக்கு மூன்றாம் வகுப்பில் கிலோமீட்டருக்கு நான்கு ஃபெனிக். நானூறு பேருக்குக் குறையாமல் சேர்ந்து போனால் பாதிக் கட்டணம் தள்ளுபடி.

ஏதோ கல்யாண கோஷ்டிக்கு ரயில்வே கொடுத்த சலுகை என்று நினைக்காதீர்கள். ஹிட்லர் காலத்து ஜெர்மன் ரயில்வே யூதர்களை மரண முகாம்களுக்கு ஏற்றிச் செல்ல நிர்ணயித்த கட்டணம் இது. கணக்கு மூன்றாம் வகுப்புக்கு. ஏற்றியது பெரும்பாலும் சரக்குப் பெட்டியில். யூதர்களுக்கு ஒரு வழி டிக்கெட். காவலுக்குப் போன சிப்பாய்களுக்குப் போக, வர டிக்கெட். உல்லாசப் பயணிகளுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த அதே பயண ஏஜென்சிதான் இதற்கும் பில் போட்டது. பணம் கட்டியது ரகசியப் போலீஸான கெஸ்டபோ. அவர்களுக்குப் பணம் ஏது? ஏற்றி அனுப்பியவர்களிடம் பிடுங்கியதுதான்.

கொலைகாரர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. சாகப் போகிறவனிடமே வண்டிச் சத்தம் வாங்கி, அதிலும் குழந்தைக்குப் பாதிதான் என்று நியாயம் பார்த்த கொலைகாரனைப் பார்த்திருக்கிறதா? வழிமுறை புதிதல்ல. சுமார் இரண்டாயிரம் வருடப் பழக்கம்.

யூத வரலாற்றின் முக்கிய நிகழ்வுகள் என்று புத்தகங்கள் ஒரு பட்டியல் போடும். கோயில் இடிப்பு, நாடு கடத்தல், படுகொலை, மறுபடி நாடு கடத்தல். எல்லாம் இருக்கும். பில் மட்டும் இருக்காது. அரசாங்கத்தின் மனசு அதன் அறிக்கையில் தெரியாது, ரசீதில்தான் தெரியும். காலமெல்லாம் கவுண்டரில் நின்று காய்த்துப்போன நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் பில் ரோமிலிருந்து வந்தது. கி.பி. 70ல் ரோமானியப் படை ஜெருசலேம் ஆலயத்தைத் தரைமட்டமாக்கியது. அதுவரை யூத ஆண்கள் வருடத்துக்கு அரை ஷெக்கல் அந்த ஆலயத்துக்குக் காணிக்கை கொடுத்துவந்தார்கள். ஆலயம் போய்விட்டது, காணிக்கையும் போனது என்றுதானே நாம் நினைப்போம்? சக்கரவர்த்தி வெஸ்பாசியன் அப்படி நினைக்கவில்லை. அதே தொகையை இனி ரோமில் இருக்கும் ஜூபிடர் கோயிலுக்குக் கட்டுங்கள் என்றார். இடித்தவனின் சாமிக்கு இடிபட்டவன் காணிக்கை. முன்பு ஆண்களோடு போயிற்று. இப்போது பெண்களும் கட்ட வேண்டும், அடிமைகளும் கட்ட வேண்டும், மூன்று வயதுக் குழந்தையும் கட்ட வேண்டும். எகிப்தில் எட்ஃபு என்ற ஊரில் இந்த வரி கட்டியதற்கான ரசீதுகள் உடைந்த பானை ஓடுகளில் எழுதியபடி கிடைத்திருக்கின்றன. சாம்ராஜ்யம் போய்விட்டது. ரசீது நிற்கிறது.

பின்னால் வந்த சக்கரவர்த்தி டொமிஷியன் காலத்தில் வசூல் இன்னும் சூடு பிடித்தது. நெரிசலான சபையில் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவரை நிறுத்தி, விருத்தசேதனம் ஆகியிருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். வரி ஏய்ப்பு சோதனையாம். இளவயதில் அதைக் கண்ணால் பார்த்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். 96ல் பட்டத்துக்கு வந்த நெர்வா, இந்த அராஜகத்தை ஒழித்துவிட்டேன் என்று நாணயம் அடித்து விளம்பரம் செய்தார். ஒழிந்தது அராஜகம். வரி தொடர்ந்தது. இப்படி எத்தனை சாதனை விளம்பரம் நாமும் பார்த்திருக்கிறோம்!

யூதனுக்குப் பணமே குறி என்று ஒரு பழிச்சொல் உலகமெல்லாம் உண்டு. நம் ஊர் டீக்கடையிலும் உண்டு, யூதர் ஒருவரைக்கூடக் கண்ணால் பார்க்காதவர்கள் சொல்வார்கள். குறி யாருடையது என்று தெரிய இங்கிலாந்துக்குப் போவோம்.

அங்கே நிலம் வாங்கி விவசாயம் பார்க்கவோ தொழிற்சங்கங்களில் சேரவோ யூதர்களுக்கு வழியில்லை. வட்டி வாங்குவது கிறிஸ்தவனுக்குப் பாவம். ஆகவே அந்தப் பாவத்தை நீ செய் என்று யூதனிடம் விட்டார்கள். பாவம் அவனுக்கு. லாபம்? லிங்கன் நகரத்து ஆரோன் 1186ல் இறந்தார். நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ராஜா இரண்டாம் ஹென்றி மொத்தச் சொத்தையும் எடுத்துக்கொண்டார். ஆரோனுக்குக் கடன்பட்டிருந்த ஆட்கள் நூற்றுக்கணக்கில் இருந்ததால், அதை வசூலிக்க மட்டும் கஜானாவில் தனியாக ஒரு பிரிவே திறந்தார்கள். லேவாதேவிக்காரனைத் தேவாலயம் நரகத்துக்கு அனுப்பியது. அவன் கடன் பத்திரங்களை ராஜா கஜானாவுக்கு அனுப்பினார். ரொக்கத்தையும் நகைகளையும் கப்பலில் ஏற்றி பிரான்ஸுக்கு அனுப்பியபோது கப்பல் மூழ்கிவிட்டது. கடலுக்கு மட்டும்தான் இந்தக் கதையில் கொஞ்சம் மானம் இருந்திருக்கிறது.

1190 மார்ச்சில் யார்க் நகரில் கலவரம். சுமார் நூற்றைம்பது யூதர்கள் கோட்டைக் கோபுரத்துக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். பலர் தங்கள் பிள்ளைகளையும் கொன்று தாங்களும் செத்தார்கள். உயிரோடு வெளியே வந்தவர்களைக் கும்பல் வெட்டியது. அதன் பிறகு கும்பல் எங்கே போனது தெரியுமா? பேராலயத்துக்கு. பிரார்த்தனைக்கு அல்ல. யூதர்களிடம் வாங்கிய கடன் பத்திரங்கள் அங்கே பத்திரப்படுத்தப்பட்டிருந்தன. அத்தனையையும் ஆலயத்துக்குள்ளேயே போட்டு எரித்தார்கள். கலவரத்தை முன்னால் நின்று நடத்திய பிரபுக்கள் தலைக்கு மேல் கடன் வாங்கியவர்கள். பக்தி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

சரி, அரசு என்ன செய்தது? யாரையும் தூக்கில் போடவில்லை. நகரத்தாருக்கு அபராதம், அபராதம் போன இடம் கஜானா. நான்கு வருடம் கழித்து ஒரு பெரிய சீர்திருத்தம் வந்தது. இனி கடன் பத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து, மூன்று பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். செத்தது நூற்றைம்பது உயிர். அரசு பெட்டி செய்தது காகிதத்துக்கு.

கொஞ்சம் வேகமாகப் புரட்டுவோம். யூதர்கள் சட்டையில் அடையாள வில்லை குத்திக்கொள்ள வேண்டும் என்று 1218ல் ஆணை. காசு கொடுத்தால் விலக்கு உண்டு. மதம் மாறுகிறவர்களுக்கு 1232ல் லண்டனில் ஓர் இல்லம் கட்டினார் மூன்றாம் ஹென்றி. மாறியவனின் ஆத்மா கர்த்தருக்கு, அவன் வீடு ராஜாவுக்கு. பின்னாளில் அந்த இல்லத்தை நடத்தும் செலவுக்கு யார் தலையில் வரி விழுந்தது? மதம் மாறாத யூதர்கள் தலையில். 1255ல் இதே ஹென்றிக்குக் கைமுடை வந்தது. இங்கிலாந்தின் யூதர்கள் அத்தனை பேரையும் தன் தம்பி ரிச்சர்டிடம் 5,000 மார்க்குக்கு அடமானம் வைத்தார். தோட்டம் துரவு வைப்பார்கள், தாலி வைப்பார்கள். மனிதர்களை மொத்தமாக வைத்தவர் இவர்.

கறந்து கறந்து மடி வற்றியது. 1275ல் அடுத்த ராஜா முதலாம் எட்வர்டுக்குத் திடீரென்று வட்டி பாவம் என்று ஞானம் பிறந்தது, தடை செய்தார். 1290ல் எல்லோரையும் நாட்டை விட்டே துரத்தினார். அதே வருடம் பாராளுமன்றம் அவருக்கு 1,16,000 பவுண்டு வரி வசூலிக்க அனுமதி கொடுத்தது. கறக்க முடியாத மாட்டை விற்றும் லாபம் பார்த்த ராஜா. முன்னூற்று அறுபத்தைந்து வருடம் கழித்து, 1655ல், யூதர்களைத் திரும்ப விடலாமா என்று அன்றைய ஆட்சியாளர் கிராம்வெல் ஒரு மாநாடு கூட்டினார். நீதிபதிகள் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்கள்: அவர்கள் வரக் கூடாது என்று சட்டமே கிடையாது. அன்று நடந்தது அரசரின் தனி ஆணைதான்! மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு கோப்பைத் திறந்து பார்க்க ஆள் இல்லை.

ஸ்பெயின் 1492ல் யூதர்களைத் துரத்தியது. வீட்டுச் சாமானை எடுத்துப்போகலாம். தங்கம், வெள்ளி, நாணயம் கூடாது. பக்கத்து போர்ச்சுகல் ராஜா கருணையோடு கதவைத் திறந்தார், பெரும்பாலோருக்குத் தலைக்கு எட்டு குருஸாடோ, தங்க எட்டு மாதம். 2015ல் ஸ்பெயினுக்கு மனசாட்சி உறுத்தியது. துரத்தப்பட்டவர்களின் வம்சத்தாருக்குக் குடியுரிமை என்று சட்டம் போட்டது. விண்ணப்பக் கட்டணம் 100 யூரோ. ஸ்பானிஷ் மொழித் தேர்வு தனி, பொது அறிவுத் தேர்வு தனி. பிராயச்சித்தத்துக்கும் நுழைவுத் தேர்வு வைத்த நாடு அது.

1516ல் வெனிஸ் யூதர்களை ஒரு தீவுக்குள் அடைத்து, இரவில் கதவைப் பூட்டியது. கதவுக் காவலாளிக்கும், சுற்றிவரும் படகுக்காரனுக்கும் சம்பளம் யார் கொடுப்பது? உள்ளே பூட்டப்பட்டவர்கள்தான். அங்கிருந்த வீடுகளுக்கு வாடகையும் மூன்றில் ஒரு பங்கு கூட்டினார்கள். ரோமில் திருவிழாக் கூட்டத்தின் சிரிப்புக்காக யூதர்களைத் தெருவில் ஓடவிடுவது வழக்கம். 1668ல் போப் ஒன்பதாம் கிளமெண்ட் இரக்கப்பட்டு அதை நிறுத்தினார். பதிலுக்கு வருடம் 300 ஸ்கூடி. அவமானத்துக்கும் ரொக்கத்துக்கும் நாணய மாற்று விகிதம் கண்டுபிடித்தவர்.

நடுவில் ஒரு விதிவிலக்கு. கி.பி. 1000 வாக்கில் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு ஒரு செப்பேடு கொடுத்தான். வட்டெழுத்தில், நமக்கும் பாதி புரியும் பழைய மொழியில். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையும் எழுபத்திரண்டு உரிமைகளும் உனக்கு, ஊரார் கட்டும் வரிகளை நீ கட்ட வேண்டாம் என்கிறது அது. கொச்சி யூதர்கள் அந்தச் செப்பேட்டை ஏன் கண்ணுக்குள் வைத்துக் காத்தார்கள் என்று மேலே உள்ள பில்களைப் படித்த பிறகு புரிகிறது.

அறிவொளிக் காலம் வந்தது. பிரஷ்யாவின் இரண்டாம் பிரடெரிக் புல்லாங்குழல் வாசிப்பார், வால்டேரோடு தத்துவம் பேசுவார். 1763ல் பெர்லினில் ஒரு பீங்கான் தொழிற்சாலையை வாங்கினார். சரக்கு தேங்கியது. தத்துவ ஞானி யோசித்தார். 1769ல் ஆணை வந்தது: யூதன் கல்யாணம் செய்ய வேண்டுமா, வீடு வாங்க வேண்டுமா, நமது ஆலையில் பீங்கான் வாங்கு. பல அனுமதிகளுக்கு 300 தாலர் மதிப்புக்கு. அதை உள்ளூரில் விற்கக் கூடாது, வெளிநாட்டில் விற்க வேண்டும். புது மாப்பிள்ளை கையில் பெண்ணோடு ஒரு பெட்டி விற்காத தட்டும் கிண்ணமும். அடிமாட்டு விலைக்கு அதை எவன் தலையிலாவது கட்டினால்தான் குடித்தனம். ரேஷன் கடையில் அரிசி வேண்டுமென்றால் டீத்தூளும் சோப்பும் வாங்கச் சொல்லி நம் தலையில் கட்டுவார்களே, அந்தக் கலைக்கு ஆதி குரு ஒரு தத்துவ ஞானி என்பதில் நமக்கு ஓர் ஆறுதல்.

இனி சிரிக்க முடியாது.

1938 நவம்பர் 9 இரவு. ஜெர்மனி முழுக்க யூத ஆலயங்கள் எரிந்தன. சுமார் 7,500 கடைகள் சூறையாடப்பட்டன. சுமார் 30,000 ஆண்களை முகாமுக்கு இழுத்துப் போனார்கள். மூன்றாம் நாள் நாஜித் தலைவர் கோரிங் கூட்டம் போட்டார். அவருக்குக் கடும் கோபம். எதற்கு? இத்தனை பொருள் சேதம் செய்தீர்களே என்று. உடைந்த கண்ணாடிக்குப் பதில் புதிது பெல்ஜியத்திலிருந்து வர வேண்டும், அந்நியச் செலாவணி வீண். காப்பீட்டு நிறுவனங்களின் பிரதிநிதியை அழைத்துப் பேசினார். தீர்ப்பு இதுதான்: இழப்பீட்டை நிறுவனங்கள் கொடுக்கட்டும், அரசு வாங்கிக்கொள்ளும். உடைந்த கடைகளை யூதர்கள் சொந்தச் செலவில் சரிசெய்யட்டும், தெரு பார்க்க அசிங்கமாக இருக்கிறது. எரிந்த ஆலயங்களை இடிக்கும் கூலியை யூத சமூகம் கட்டட்டும். இவை போக நூறு கோடி மார்க் அபராதம். தவணை வசதி உண்டு, நான்கு தவணை. பிறகு ஐந்தாவது தவணையும் சேர்த்தார்கள். வசூல் இலக்கைத் தாண்டியது.

தப்பி ஓடலாமே? ஓடுவதற்கு ஓட்ட வரி. சொத்தில் கால்வாசி. மிச்சத்தை வெளியே கொண்டுபோகத் தடை. கையில் பத்து மார்க் அனுமதி. அந்தப் பத்து மார்க்கோடு போய் நின்றால், ஜனநாயக நாடுகளின் அதிகாரிகள் பையைத் துழாவிப் பார்த்தார்கள். காசில்லை. அரசுக்குப் பாரமாவான் என்று சொல்லித் திருப்பினார்கள். பிடுங்கியவன் ஒருவன், பிச்சைக்காரன் என்று கதவடைத்தவன் இன்னொருவன். 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியான் நகரத்து ஏரிக்கரை ஹோட்டலில் 32 நாடுகள் அகதிகளைப் பற்றிப் பேசக் கூடி ஒன்பது நாள் அனுதாபப்பட்டன. டொமினிக்கன் குடியரசைத் தவிர வேறு எவரும் பெரிதாகக் கதவைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் செயின்ட் லூயிஸ் கப்பலில் அகதிகள் 937 பேர் ஹவானா போனார்கள். கியூபா கேட்டது தலைக்கு 500 டாலர் ஜாமீன். பேரம் படியவில்லை. கப்பல் திரும்பியது. அதில் வந்தவர்களில் 254 பேர் பின்னர் ஐரோப்பாவில் மாண்டார்கள்.

போர் முடிந்தது. அப்பா போட்ட பணத்தைக் கேட்டுப் பிள்ளைகள் சுவிஸ் வங்கிக்குப் போனார்கள். இறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். ஆஷ்விட்ஸில் எந்த வி.ஏ.ஓ. கையெழுத்துப் போடுவார்? 1998ல் நீதிமன்றத்துக்கு இழுத்த பிறகுதான் 125 கோடி டாலருக்கு வங்கிகள் இறங்கி வந்தன.

ஆம்ஸ்டர்டாம் அதையும் மிஞ்சியது. அந்த ஊரில் மனை பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தம். வீட்டுக்காரர் வருடா வருடம் நிலக் குத்தகை கட்ட வேண்டும். நாஜிகள் யூதர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டில் நாஜி ஆதரவாளர்கள் குடியேறினார்கள். போர் முடிந்து, முகாமிலிருந்தும் மறைவிடத்திலிருந்தும் சிலர் எலும்பும் தோலுமாக வந்து கதவைத் தட்டினார்கள். நகராட்சி கணக்கைத் திறந்தது. இத்தனை வருடக் குத்தகை பாக்கி. அதோடு, உரிய காலத்தில் கட்டாததற்கு அபராதம். ஏன் கட்டவில்லை என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை போலிருக்கிறது.

பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு வந்த ஒரு மாணவி கண்ணில் இந்தக் கடிதங்கள் பட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. விசாரணை, அறிக்கை, வருத்தம் எல்லாம் முறைப்படி நடந்தன. 2016ல் ஒரு கோடி யூரோ திருப்பித் தருவதாக நகராட்சி அறிவித்தது. எழுபது வருடம் ஆகியிருந்தது. ஒரு குடிமகன் இத்தனை காலம் பாக்கி வைத்திருந்தால் வீடு என்றைக்கோ ஏலத்துக்குப் போயிருக்கும்.