பேய் மேஸ்திரி

அமெரிக்கப் புறநகர்களில் தெருவுக்குத் தெரு ஒரு பேய் மேஸ்திரி இருப்பார். மற்ற மாதங்களில் ஆளை அடையாளம் காண்பது கஷ்டம். காப்பீட்டு அலுவலகத்திலோ பள்ளிக்கூடக் கணக்குப் பிரிவிலோ வேலை பார்ப்பார். எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். நாய் செத்துப்போகும் சினிமா என்றால் பாதியில் எழுந்து வந்துவிடுவார். ஆகஸ்ட் கடைசியில்தான் குட்டு உடையும். கார் ஷெட்டின் கதவு பாதி இறங்கியிருக்கும், உள்ளே ஹீட் கன் இரையும், வாசலில் தலையில்லாத முண்டம் ஒன்று வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அக்டோபர் 31, பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய்க்கு வரும் ஹாலோவீன் ராத்திரிக்கு மேஸ்திரி வேலை தொடங்கிவிட்டார்.

அவர் கண்ணுக்கு எந்தப் பொருளும் அதுவாகத் தெரியாது. பழைய காரின் வைப்பர் மோட்டார், பேய் கையசைப்பதற்காகவே படைக்கப்பட்டது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் வெள்ளிக் குழாய், ரோபோவின் தோள்பட்டை. பிளம்பர் வெட்டிப் போட்ட பிவிசி துண்டைக் கண்டால் பொறுக்கிக்கொண்டு வந்து, பசைத் துப்பாக்கியால் விளிம்பில் சொட்டுச் சொட்டாக ஒழுகவிட்டு, வெண்ணெய் நிறம் பூசி, உள்ளே பேட்டரி விளக்கை வைத்துவிடுவார். பாதி எரிந்த மெழுகுவர்த்தி! ஹார்டுவேர் கடையில் குளிர் தாங்கச் சுவருக்குள் வைக்கும் ரோஸ் நிற ஃபோம் பலகை எதிரே கன்னத்தில் கைவைத்து நிற்பார். விற்பனைப் பையன் வந்து, "எந்தச் சுவருக்கு சார்?" என்பான்.

"சுவருக்கு இல்லப்பா, கல்லறைக்கு."

பையன் இரண்டடி பின்வாங்குவான். புது ஆள் போலிருக்கிறது.

கல்லறைக்கல் செய்வதில்தான் மேஸ்திரியின் நிஜமான கைவரிசை. 8 அடிக்கு 4 அடி பலகையைச் சூடான கம்பியால் வளைவாக அறுத்து, சால்டரிங் அயர்னால் விரிசல் கீறி, எழுத்துகளைக் குடைவார். கற்றுக்குட்டிகள் நேராக ஸ்பிரே பெயிண்டை அடித்து, அதிலுள்ள கரைப்பான் ஃபோமைத் தின்பதைப் பார்த்து அழுவார்கள். தேர்ந்தவர் வேண்டுமென்றே ஓரத்தில் ஒரு பீய்ச்சு பீய்ச்சி, நூறு வருஷ மழை அரித்த மாதிரி பொத்தல் விழவைப்பார். அதன் மேல், அடித்தள அறையில் தண்ணீர் கசியாமலிருக்க அடிக்கும் நறநறப்பான பூச்சு. எழுத்துப் பள்ளங்களிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழியவேண்டும். கடைசியாகப் பிரஷ்ஷை வெளிர் சாம்பலில் தோய்த்து, பழைய அட்டையில் துடைத்துத் துடைத்து, இனி பெயிண்டே மிச்சமில்லை என்று நமக்குத் தோன்றும்போது கல்லின் விளிம்பை மட்டும் லேசாகத் தடவுவார். அந்த நிமிஷம் ஃபோம் செத்துக் கருங்கல் பிறக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் நமக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

பிணத்துக்கு வேறு பக்குவம். பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் மேல், பெயிண்டர்கள் தரையில் விரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஹீட் கன்னைக் காட்டினால், தாள் சுருங்கி விலா எலும்புகளுக்கு நடுவே இழுபட்டு வற்றிய தோலாகிவிடும். மேலே மரச்சாமானுக்குப் பூசும் வால்நட் சாயம், துணியால் ஒரு துடைப்பு. பள்ளத்தில் நிறம் தங்கும், மேட்டில் போய்விடும். கூரியர்காரர் பார்சலை வேலி ஓரமே வைத்துவிட்டு ஓட ஆரம்பிப்பது இந்தக் கட்டத்தில்தான்.

சமையலறையும் தப்பாது. ரத்தத்துக்குச் சோளச் சிரப், சிவப்பு உணவுச்சாயம், நிறம் பொம்மைத்தனமாக இல்லாமலிருக்கக் கொஞ்சம் சாக்லேட். கிளறிக்கொண்டே மனைவிக்குப் பாடமும் நடக்கும்: ஹிட்ச்காக்கின் 1960 'சைக்கோ' கறுப்பு வெள்ளைப் படம், அதனால் குளியலறைக் காட்சியில் ஓடியது வெறும் சாக்லேட் சிரப். அந்த அம்மாள் இதை வருஷா வருஷம் கேட்கிறார். கேட்டபடியே நல்ல பாத்திரங்களை எடுத்து மேல் அலமாரியில் பூட்டிவிடுவார்.

மேஸ்திரிக்கு ஒரு வேதக்கதையும் உண்டு. 1978இல் வந்த 'ஹாலோவீன்' படத்துக் கொலைகாரனின் முகமூடி, கடையில் அற்ப விலைக்கு வாங்கிய ஸ்டார் ட்ரெக் கேப்டன் கிர்க் முகமூடிதான். கண் துளையைப் பெரிசாக்கி வெள்ளையடித்தார்கள், உலகமே நடுங்கியது. "செலவா முக்கியம்?" என்பார். சொந்தக் கணக்கையும் இதே தர்மப்படிதான் எழுதுவார். கல்லறை ஒன்று எட்டே டாலர். ஹீட் கன், பசைத் துப்பாக்கி, ஏர்பிரஷ், கம்ப்ரஸர், புகை இயந்திரம், அந்தப் புகை மேலே போகாமல் தரையோடு தவழ அதைக் குளிரவைக்கும் ஐஸ்பெட்டி எல்லாம் இதில் சேராது. அவை "எப்படியும் வீட்டுக்குத் தேவைப்படும்" இனம். கார் நான்கு வருஷமாகத் தெருவில் நிற்கிறது.

2020இல் ஹோம் டிப்போ கடை 12 அடி எலும்புக்கூட்டை 299 டாலருக்கு இறக்கியது இவருக்கு ஒரு குடும்ப துக்கம். அடுத்த வீட்டுக்காரர் ஒன்றை வாங்கி நட்டார். தெருவே அங்கே நின்று செல்ஃபி எடுத்தது. மேஸ்திரி ஒரு வாரம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எட்டாம் நாள் சாயமும் துணியுமாகப் போய், "பிளாஸ்டிக் பளபளப்பு தெரியுது, நான் கொஞ்சம் அழுக்காக்கித் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டார்.

பிள்ளைகள் நிலை பரிதாபம். கடையில் தொங்கும் பளபள உடைதான் வேண்டும் என்று பையன் கெஞ்சுவான். அப்பா மூன்று வாரம் உட்கார்ந்து தரையில் விரிக்கும் ஃபோம் பாயைச் சுட்டு வளைத்து இரும்புக் கவசம் செய்திருப்பார். பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது, காருக்குள் நுழைய முடியாது, அவசரத்துக்கு ஒதுங்கவும் முடியாது. கடைசி நேரத்தில் அம்மா, "குளிருது, இதைப் போடு" என்று கவசத்தின் மேலேயே நீலக் கோட்டை மாட்டி ஜிப்பை இழுத்துவிடுவாள். மூன்று வார உழைப்பு கோட்டுக்குள் போய்விடும்.

அரசாங்கத்தோடும் அவருக்கு ஒரு வழக்கு உண்டு. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாளை 2007 முதல் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கு மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் ஹாலோவீனுக்கு முன்பே அது நடந்துவிடும், சீக்கிரம் இருட்டும். இப்போது சின்னக் குழந்தைகள் வெளிச்சத்திலேயே வந்து போய்விடுகிறார்கள். பச்சை விளக்கெல்லாம் வீண். பட்டப்பகலில் எந்தப் பேய் எடுபடும்?

அந்த ராத்திரி வந்தால் ஒவ்வொரு குழந்தையும் வாசலில் அரை நிமிஷம் நிற்கும். பார்வை மிட்டாய்ச் சட்டியில் இருக்கும். யாராவது ஒரு பொடிசு நிஜமாகவே பயந்து வீறிட்டால் மேஸ்திரி பதறிப்போய் முகமூடியைக் கழற்றி, மண்டியிட்டு, "மாமாதான்டா கண்ணு, இங்க பாரு பஞ்சு" என்று பிணத்தின் வயிற்றைப் பிரித்தே காட்டிவிடுவார். பெரியவர்கள் "அருமை, எங்கே வாங்கினீங்க?" என்பார்கள். இந்தக் கேள்வி அவரைக் கொல்லும்.

எதிர்வீட்டில் நம் ஊர்க்காரர்கள். மகனோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்த பாட்டி, ஜன்னல் வழியாகப் பார்த்துக் கலங்கிவிட்டார். "ஏன்டா, எதிர்வீட்டுல யாருக்கோ ஏதோ ஆயிடுச்சு போலிருக்கே. வாசல்லயே புதைச்சிருக்காங்க. ஒரு வார்த்தை துக்கம் கேட்டுட்டு வர வேணாமா?"

"ஐயோ அம்மா, அது தெர்மோகோல்மா."

பாட்டி நம்பவில்லை. பேரனைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லை விரலால் தட்டிப் பார்த்தார். சாக்கு அங்கி போர்த்திக் குனிந்து நின்ற பேயைச் சுற்றி வந்தார். பிறகு பேரனிடம், "இந்தச் சாக்கு இப்படி விறைச்சு நிக்குதே, எதுல முக்கி எடுத்தாராம், கேளு" என்றார்.

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஷெட்டுக்கு ஓடி வாளியையே தூக்கிவந்தார். சுவர் ஓட்டை அடைக்கும் கலவை ஐந்து பங்கு, லேட்டக்ஸ் பெயிண்ட் ஒரு பங்கு, முக்கிப் பிழிந்து, கம்பிவலை உடம்பின் மேல் மடிப்பு வைத்து... பேரன் மொழிபெயர்க்கத் திணறினான். பாட்டி வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ செலவு? மைதாக் கஞ்சியில முக்கினாலே நிக்குமேன்னு சொல்லு" என்றார்.

"மழை பெய்தால்?" என்று பணிவாகக் கேட்டார் மேஸ்திரி.

"வார்னிஷ் அடிக்கச் சொல்லு."

அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

நவம்பர் 1 காலை, கடைகளில் எலும்புக்கூடு பாதி விலை. திறக்கும் முன்பே வாசலில் நிற்பவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. திரும்பி வந்து கல்லறைகளை அடுக்கிக்கொண்டே அடுத்த வருஷத் திட்டத்தைச் சொல்வார்: பெப்பர் பேய். 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையேற்றியது, டிஸ்னிலேண்டின் பேய் மாளிகையில் 1969 முதல் ஆடிக்கொண்டிருப்பது. பெரிய கண்ணாடி ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, மறைவில் இருக்கும் ஆள்மேல் வெளிச்சம் அடித்தால், பிம்பம் நடு அறையில் மிதக்கும். கண்ணாடி மட்டும்தான் கிடைக்கவேண்டும்.

மனைவி வரவேற்பறையின் நகரும் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அதைத் தொட்டீங்கன்னா, அடுத்த கல்லறை ஃபோம்ல இருக்காது."